192.168.1.1 அடித்தால் ஒரு நேரம் ஒரு பக்கம், இன்னொரு நேரம் வேறு பக்கம்: ரவுட்டருக்குள் போக முடியவில்லை

வாவிக்கரை | வெள்ளி, இரவு 8.20

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மூன்று நாளாகப் பார்க்கிறேன், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போகவே முடியவில்லை.

முன் விறாந்தைச் சுவரில் ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டி இருக்கிறது, கம்பனிக்காரர் பூட்டிவிட்டுப் போனது. எங்களுடையது பழைய கல்வீடு, சுவர் தடிப்பு. அதனால் பின் அறைக்கு சிக்னல் வராது. தங்கச்சி இந்த முறை உயர்தரம் எடுக்கிறாள், சூம் வகுப்பெல்லாம் பின் அறையில்தான். போன மாதம் டவுனில் இன்னொரு சிறிய ரவுட்டர் வாங்கி, முன் பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்து அங்கே வைத்தோம். மாமாதான் வயர் குத்தித் தந்தார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் போட்டிருக்கிறோம்.

இப்போது பிரச்சினை. பக்கேஜ் மாதத்தின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்து பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், பிரவுசரில் 192.168.1.1 அடித்ததும் சில நேரம் நீல நிறப் பக்கம் வருகிறது, சில நேரம் வெள்ளைப் பக்கம் வருகிறது, சில நேரம் எதுவுமே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாஸ்வேர்ட் அடித்தால் பிழை என்கிறது. அப்புறம் சில நிமிடத்துக்குப் பூட்டிக்கொள்கிறது. வகுப்பும் இடையிடையே அறுகிறது. அவள் அழாத குறை. தெரிந்தவர்கள் உதவி செய்யுங்கள்.

ஏறாவூர் ரைடர் | வெள்ளி, இரவு 8.34

ரவுட்டருக்குப் பின்னால் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். ஊசியால் 10 செக்கன் அழுத்திப் பிடியுங்கள், எல்லாம் புதிதாகிவிடும். பிறகு பல பெட்டிகளில் அட்மின், அட்மின் என்று அடித்து உள்ளே போகலாம்.

காத்தான்குடி நானா | வெள்ளி, இரவு 8.41

தங்கச்சி, தயவு செய்து முன் பெட்டியில் அந்த ஓட்டையைத் தொடவே வேண்டாம். இதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போன நோன்பு மாதம் எங்கள் புடவைக் கடையில் இதே கதைதான். மருமகன் நல்ல எண்ணத்தில் ஊசியைக் குத்திவிட்டான். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அழிந்திருந்தால் பரவாயில்லை. லைனைத் திறக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், அதாவது பிபிபிஓஇ விபரம், அதுவும் சேர்ந்து போய்விட்டது. எங்களிடம் அதன் பிரதி எங்கேயும் இல்லை. கம்பனிக்கு எடுத்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள், அந்த இலக்கத்துக்கு எடுங்கள் என்றார்கள். பெருநாள் வியாபாரத்தில் 5 நாள் கார்ட் மெசின் வேலை செய்யவில்லை. வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரைடர் தம்பி சொன்னதும் முழுப் பிழை இல்லை. கடையில் வாங்கிய, லைன் விபரம் எதுவும் போடாத ரவுட்டரை ரீசெட் செய்தால் நட்டம் குறைவு. லைன் வந்து சேரும் பெட்டி அப்படியல்ல. சில பெட்டிகள் ரீசெட்டுக்குப் பிறகு கம்பனியிடமிருந்து விபரத்தைத் தாமாக எடுத்துக்கொள்ளும், சிலது எடுக்காது. உங்களுடையது எது என்று குத்திப் பார்த்து அறிய வேண்டாம்.

முதலில் லாப்டாப்பில் கறுப்புத் திரையை, அதாவது கமாண்ட் ப்ராம்ப்டை, திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி, என்ற வரியில் என்ன இருக்கிறது? போன் என்றால் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தட்டினால் கேட்வே என்று காட்டும். ஐஃபோனில் அதே இடத்தில் ரவுட்டர் என்றே போட்டிருக்கும்.

திருக்கோவில் சேர் | வெள்ளி, இரவு 9.05

நானா சொல்வது சரி. கேட்வேயைப் பார்க்காமல் முகவரியை ஊகித்து அடிப்பதில்தான் என் மூன்று மாலைகள் போயின.

என்னிடம் இருப்பது சிம் போடும் 4ஜி ரவுட்டர். இணையத்தில் எங்கே பார்த்தாலும் 192.168.1.1 என்றே எழுதியிருந்தார்கள், நானும் அதையே அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 192.168.8.1 என்று ஒட்டியிருந்தது. ஹுவாவேயின் பல 4ஜி பெட்டிகளுக்கு அதுதான் முகவரி. ஷாவ்மி என்றால் 192.168.31.1, மைக்ரோடிக் என்றால் 192.168.88.1, டிபி-லிங்கில் பெரும்பாலும் 192.168.0.1. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள்.

முகவரி சரியாக இருந்தும் எனக்குப் போனில் திறக்கவில்லை. அன்று ரவுட்டர் சிம்மில் டேட்டா முடிந்திருந்தது. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் முகவரியை வெளியே போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மொபைல் டேட்டாவை நிறுத்தினேன், உடனே திறந்தது. விபிஎன் போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். இணைந்தே இருக்கவா என்று போன் கேட்டால் ஓம் என்று கொடுங்கள் மகள்.

வாவிக்கரை | வெள்ளி, இரவு 9.48

நன்றி நானா, நன்றி சேர். ஊசியைத் திருப்பி வைத்துவிட்டேன். உண்மையில் கையில் எடுத்துவிட்டேன்.

கேட்வே 192.168.1.1 என்றுதான் காட்டுகிறது. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். விறாந்தையில் நின்றால் பெரும்பாலும் வெள்ளைப் பக்கம், பின் அறையில் பெரும்பாலும் நீலப் பக்கம். ஆனால் எப்போதும் அப்படியில்லை, ஒரு தடவை பின் அறையிலேயே வெள்ளை வந்தது. முன் பெட்டியில் பச்சை லைட் ஒழுங்காக எரிகிறது, சிவப்பு எதுவும் இல்லை.

சாய்ந்தமருது வயர்மன் | வெள்ளி, இரவு 10.15

சிவப்பு இல்லை என்றால் ஃபைபர் லைன் நல்லது. பிரச்சினை வீட்டுக்குள்தான். நான் கல்முனை, சாய்ந்தமருது பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயர் இழுப்பவன். நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு ஒரு சந்தேகம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி.

பின் ரவுட்டரில் மாமா வயரை எந்த ஓட்டையில் குத்தியிருக்கிறார்? தனி நிறத்தில் ஒன்று இருக்கும், அது வேன் (WAN), வெளி லைனுக்கு. ஒரே நிறத்தில் மூன்று நாலு இருக்கும், அவை லேன் (LAN), வீட்டுக்குள் இணைக்க. அப்புறம் இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒட்டியிருக்கும் முகவரி என்ன? கடைசியாக, அதே கறுப்புத் திரையில் ஆர்ப் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் சேர்த்து அடியுங்கள் (arp -a). 192.168.1.1க்கு நேரே ஒரு நீளமான இலக்கம் வரும், அதுதான் மேக் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி இலக்கம். அதை இரண்டு பெட்டிகளின் ஸ்டிக்கரோடும் ஒத்துப் பாருங்கள். கடைசி எழுத்து ஒன்றிரண்டு மாறியிருந்தால் கவலை வேண்டாம், முன்பகுதி ஒத்தால் போதும்.

வாவிக்கரை | சனி, காலை 7.10

இரவு கரண்ட் போய்விட்டது, இப்போதுதான் பார்த்தேன்.

வயர் லேன் ஓட்டையில் இருக்கிறது. தனி நிற ஓட்டை சும்மா கிடக்கிறது. இரண்டு பெட்டிகளின் அடியிலும் 192.168.1.1. ஆர்ப் அடித்தபோது முதலில் பின் ரவுட்டரின் இலக்கம் வந்தது. விறாந்தைக்குப் போய் வைஃபையை நிறுத்திப் போட்டுவிட்டுத் திரும்ப அடித்தால் முன் பெட்டியின் இலக்கம்! அப்படியென்றால் இரண்டும் ஒரே முகவரியா?

சாய்ந்தமருது வயர்மன் | சனி, காலை 7.52

ஓம், அதேதான். ஒரு ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்ட மாதிரி. உங்கள் லாப்டாப் வீட்டு நெட்வேர்க் முழுக்கக் கேட்கிறது, 192.168.1.1 யார் என்று. இரண்டு பெட்டியும் நான்தான் என்கின்றன. எந்தப் பதில் கடைசியாக வந்ததோ அதைப் பிடித்துக்கொள்கிறது. முன் பெட்டியின் பாஸ்வேர்டை நீலப் பக்கத்தில் அடித்தால் பிழை என்றுதானே சொல்லும்?

உங்கள் தங்கச்சியின் வகுப்பு அறுவதும் இதனால்தான். இன்டர்நெட்டுக்கு வழி முன் பெட்டியில் இருக்கிறது. லாப்டாப் பின் ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு அதனிடம் வழி கேட்டால், அதற்கு வெளியே போகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முன் பெட்டியின் பதில் கிடைத்ததும் திரும்பவும் ஓடும். அதோடு இரண்டும் தனித்தனியே டிஹெச்சிபி நடத்துகின்றன, அதாவது வருகிற போன்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கின்றன. ஒன்று கொடுத்தது மற்றதற்குத் தெரியாது. ஒரே முகவரி இரண்டு போனுக்குப் போனால் இரண்டும் தடுமாறும்.

மாமா செய்தது பிழையில்லை. லேனில் குத்துவது நல்ல முறை, வீடு முழுக்க ஒரே நெட்வேர்க்காக இருக்கும், பிரிண்டரும் டிவியும் எங்கிருந்தும் தெரியும். ஆனால் குத்த முன் பின் ரவுட்டரின் முகவரியை மாற்றி டிஹெச்சிபியை நிறுத்தியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பின் ரவுட்டரில் இருந்து முன்னால் போகும் வயரைக் கழற்றுங்கள். லாப்டாப்பில் வைஃபையை நிறுத்தி, சின்ன லேன் வயரால் நேரே பின் ரவுட்டரில் குத்துங்கள். இப்போது 192.168.1.1 அடித்தால் நீலப் பக்கம் மட்டும்தான் வரும், வேறு வழியில்லை. உள்ளே போய் டிஹெச்சிபியை நிறுத்தி, லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். சேமியுங்கள். பழைய வயரைத் திரும்ப லேனிலேயே குத்துங்கள்.

வந்தாறுமூலை | சனி, காலை 9.30

வயர்மன் அண்ணா கண்டுபிடித்தது மிகச் சரி. இரண்டு திருத்தம் மட்டும்.

192.168.1.2 வேண்டாம். பல பெட்டிகள் முகவரி பிரிக்கத் தொடங்குவதே 2இல் இருந்துதான், முதலில் வரும் போனுக்கு அதைக் கொடுத்துவிட்டால் திரும்பவும் அதே மோதல். வயரைக் கழற்றிய பிறகு முதலில் முன் பெட்டிக்குள் போங்கள் அக்கா, இப்போது அது குழப்பமில்லாமல் திறக்கும். டிஹெச்சிபி எல்லையை 2 தொடக்கம் 200 வரை என்று சுருக்குங்கள். பிறகு பின் ரவுட்டருக்கு 192.168.1.250 கொடுங்கள், அந்த இடத்துக்கு வேறு யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவது, வரிசை. முதலில் முகவரியை மாற்றுங்கள், புதிய முகவரியில் திரும்ப உள்ளே போங்கள், அதற்குப் பிறகுதான் டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும்.

எல்லாப் பெட்டியும் ஏன் 192.168 என்றே தொடங்குகிறது என்று நிறையப் பேர் கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று தொகுதி முகவரிகளை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் பாவிக்க ஒதுக்கியது: 10இல் தொடங்குபவை, 172.16 தொடக்கம் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. வெளி இணையத்தில் இவற்றுக்குப் பாதை கிடையாது. கல்லடியிலும் பொத்துவிலிலும் ஒரே 192.168.1.1 இருக்கலாம், ஒன்றையொன்று தொடாது. ஒரு வீட்டுக்குள் இரண்டு இருந்தால்தான் சண்டை.

வாவிக்கரை | சனி, காலை 10.05

ஐயோ, வந்தாறுமூலை தம்பி எழுதியதைப் பார்க்க முன்பே தொடங்கிவிட்டேன். நீலப் பக்கம் உடனே வந்தது, ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்ட் வேலை செய்தது. டிஹெச்சிபியை நிறுத்திச் சேமித்தேன். அது தானாக அணைந்து எழும்பியது. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் வரவில்லை. ஐபிகான்ஃபிக் அடித்தால் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒன்று காட்டுகிறது, கேட்வே வெறுமையாக இருக்கிறது. கெடுத்துவிட்டேனா?

சாய்ந்தமருது வயர்மன் | சனி, காலை 10.12

நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை. வரிசையை நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. வந்தாறுமூலை தம்பி சொன்னதுதான் சரியான ஒழுங்கு.

முகவரி கொடுக்க யாரும் இல்லாதபோது லாப்டாப் தனக்குத் தானே போட்டுக்கொள்வதுதான் 169.254. பின் ரவுட்டர் இன்னும் 192.168.1.1இல்தான் நிற்கிறது, உங்கள் லாப்டாப்புக்குத்தான் அந்தத் தெருவில் இடமில்லை. லாப்டாப்பில் லேன் வயருக்குரிய ஐபி செட்டிங்கைத் திறந்து, தானியங்கியை விட்டுக் கையால் போடுங்கள்: முகவரி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. மற்ற இடங்கள் வெறுமையாக இருக்கட்டும். இப்போது 192.168.1.1 அடியுங்கள்.

வாவிக்கரை | சனி, காலை 11.20

வந்துவிட்டது! பின் ரவுட்டருக்கு 192.168.1.250 போட்டேன். முன் பெட்டியில் எல்லையை 200 வரை சுருக்கினேன். வயரைத் திரும்பக் குத்தினேன். விறாந்தையில் நின்றாலும் பின் அறையில் நின்றாலும் 192.168.1.1 என்றால் வெள்ளை, 250 என்றால் நீலம். பத்துத் தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டேன். தங்கச்சி இப்போது வகுப்பில் இருக்கிறாள், ஒரு தடவையும் அறவில்லை.

முன் பெட்டியில் இணைந்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தேன். 19 கருவிகள். எங்கள் வீட்டில் எப்படி எண்ணினாலும் 7 தான்.

காத்தான்குடி நானா | சனி, பகல் 12.02

அல்ஹம்துலில்லாஹ். உள்ளே இருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள் தங்கச்சி. வேன் என்ற பக்கத்தில் பிபிபிஓஇ பயனர் பெயர் தெரிந்தால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதைக் கம்பனியிடம் இப்போதே, லைன் நல்லாக இருக்கும்போதே, கேட்டு வாங்கி வையுங்கள். செட்டிங்ஸைக் கோப்பாகச் சேமிக்கும் பேக்கப் வசதி இருந்தால் அதையும் எடுங்கள். மாரி தொடங்கி இடி விழுந்து பெட்டி போய்விட்டால் அன்றைக்குக் கேட்டு அலைய வேண்டியதில்லை. எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும்போது கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றுபவர்கள் அதிகம். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஓடும் லேன் வயரையும் கழற்றுங்கள், அது வழியாகவும் அடிக்கும்.

வந்தாறுமூலை | சனி, பகல் 12.40

பாஸ்வேர்டை மாற்றும்போது இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள் அக்கா. ஒன்றில் மட்டும் மாற்றினால் அந்த 12 பேரும் மற்றதன் வழியாக வந்துவிடுவார்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது 3 ஆக இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் (WPS) என்ற, பாஸ்வேர்ட் அடிக்காமல் இணைய விடும் வசதியை நிறுத்திவிடுங்கள். அதன் இரகசிய இலக்கம் (PIN) 8 தானம் என்றாலும், பெட்டி அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 தடவை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குறை 2011 கடைசியிலேயே வெளியே வந்துவிட்டது, இன்றும் பல பழைய பெட்டிகளில் அது திறந்தே கிடக்கிறது. வைஃபை பாஸ்வேர்ட் வேறு, செட்டிங்ஸுக்குள் போகும் பாஸ்வேர்ட் வேறு. இரண்டாவதையும் மாற்றுங்கள்.

பொத்துவில் கடலோரம் | சனி, மாலை 4.15

இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் கெஸ்ட் ஹவுஸில் ஒரே ஒரு ரவுட்டர்தான். கேட்வே 192.168.0.1 என்று காட்டுகிறது. அடித்தால் கூகுள் தேடல்தான் வருகிறது. நண்பரின் லாப்டாப்பில் முயன்றால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு எச்சரிக்கை.

சாய்ந்தமருது வயர்மன் | சனி, மாலை 5.03

தேடல் வருகிறது என்றால் முகவரியில் எங்கேயோ ஒரு எழுத்து பிழை. ஒன்றுக்குப் பதில் எல் எழுத்து, புள்ளிக்குப் பதில் கமா, இவைதான் வழமை. முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளிக் குறி, இரண்டு சாய்கோடு (http://) போட்டு அடியுங்கள், பிரவுசர் தேடப் போகாது.

எச்சரிக்கை வேறு விஷயம். ரவுட்டர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை எந்த பிரவுசரும் நம்பாது. கேட்வேயில் பார்த்த அதே முகவரி, இணைந்திருப்பது உங்கள் சொந்த வைஃபை என்றால், மேலதிகம் என்பதை அழுத்தித் தொடரலாம். வெளி இணையத்தளத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தொடர வேண்டாம். இன்னொன்று, விருந்தினருக்கென்று தனிப் பெயரில் வைஃபை வைத்திருக்கிறீர்களா? அதில் இணைந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் செட்டிங்ஸைத் திறக்க விடாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். உங்கள் பிரதான பெயரில் இணையுங்கள்.

பொத்துவில் கடலோரம் | சனி, மாலை 5.30

கெஸ்ட் பெயரில்தான் இருந்தேன் அண்ணா. மாறினேன், எச்டிடிபி போட்டதும் திறந்தது. பெரிய உதவி.

திருக்கோவில் சேர் | ஞாயிறு, காலை 8.20

வாவிக்கரை மகள், பாஸ்வேர்ட் மாற்றியாயிற்றா? அந்த 12 பேர் யார்?

வாவிக்கரை | திங்கள், இரவு 7.45

மாற்றிவிட்டேன் சேர், இரண்டு பெட்டியிலும். மாற்றி அரை மணித்தியாலத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் கேற்றடிக்கு வந்து வைஃபை வரவில்லை என்று நின்றார்கள். தீபாவளிக்கு வந்தபோது தங்கச்சி கொடுத்த பாஸ்வேர்டாம். அவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது. அதனால் முன் பெட்டியில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து, பின்னேரம் 4 மணி தொடக்கம் 7 மணி வரை மட்டும் ஓடும்படி நேரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் யார் என்று தெரியவில்லை, இதுவரை யாரும் வந்து கேட்கவும் இல்லை. பிபிபிஓஇ விபரம் நானா சொன்னபடி கேட்டு வாங்கி, அம்மாவின் ரேஷன் கொப்பிக்குள் வைத்தாயிற்று.

இன்று இன்னொரு விஷயம் நடந்தது, மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். லாப்டாப்பை வேலைக்குக் கொண்டுபோய் அங்கே லேன் வயரைக் குத்தினால் இன்டர்நெட் வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வந்தது, எனக்கு மட்டும் இல்லை. ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்த்தேன். சனிக்கிழமை கையால் போட்ட 192.168.1.50 அப்படியே இருந்தது. தானியங்கிக்குத் திருப்பினேன், வந்துவிட்டது.